ஆயிரம் திமிங்கலங்களுக்கு நடுவே நான்கு கப்பல்கள்

2022 ஜனவரி. அண்டார்க்டிகாவின் தெற்கு ஓர்க்னி தீவுகளை ஒட்டிப் போன ஒரு பயணக் கப்பலில் இருந்தவர்களுக்குத் தொடுவானம் நெடுகத் திமிங்கல மூச்சு பீறிடுவது தெரிந்தது. துடுப்புத் திமிங்கலங்கள். நீலத் திமிங்கலத்துக்கு அடுத்தபடியாக உலகின் மிகப்பெரிய விலங்கு. ஏறக்குறைய ஆயிரம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 7 லட்சத்துக்கும் மேல் வேட்டையாடப்பட்ட இனம் இது. அழிவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்து, இத்தனை பெரிய கூட்டமாக மேய்கின்றன. ஆனால், அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயே நான்கு மீன்பிடிக் கப்பல்களும் வலை இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டு தரப்புக்கும் வேண்டியிருந்தது ஒரே இரைதான்: கிரில்.

நம் சந்தையில் காயவைத்து விற்கும் சென்னாக்கூனியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கிட்டத்தட்ட கிரில் மாதிரி இருக்கும். 6 செ.மீ. வரை வளரும், இறால் இனமல்ல. தென்கடலில் பெங்குவின், சீல், மீன், திமிங்கலம் என்று எல்லாமே ஏதோ ஒரு வகையில் இதை நம்பித்தான் வாழ்கின்றன. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனிப்பாளத்தின் அடியில் படரும் பாசியைத் தின்று பிழைக்கின்றன. கடல் சூடேறிப் பனி குறையும்போது முதல் அடி அவற்றுக்குத்தான் விழுகிறது. கிரில் குறைந்த ஆண்டுகளை அடுத்து, கூன்முதுகுத் திமிங்கலங்கள் கருத்தரிப்பதும் குறைவதை அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம் வெகுகாலம் புதிராகவே இருந்தது. வேட்டையில் திமிங்கலங்கள் ஒழிந்தபோது, தின்ன ஆளில்லாமல் கிரில் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. விடையின் ஒரு பகுதி திமிங்கலத்தின் சாணத்தில் இருக்கிறது. தென்கடலின் மேற்பரப்பில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது இல்லாமல் நுண்பாசி வளராது. கிரிலின் உடலில் இருக்கும் இரும்பு, அதைத் தின்ற திமிங்கலத்தின் கழிவாக மேற்பரப்புக்குத் திரும்புகிறது. அந்த உரத்தில் பாசி செழிக்கிறது, பாசியைத் தின்று கிரில் செழிக்கிறது. திமிங்கலம் தன் உணவைத் தானே பயிர் செய்கிறது என்றே சொல்லலாம். வேட்டைக்காரர்கள் திமிங்கலத்தைக் கொன்றபோது அந்த உரமும் நின்றுபோனது.

வணிக வேட்டையை நிறுத்த சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1982-ல் முடிவெடுத்தது. 1994-ல் தென்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தது. ஈட்டியிலிருந்து காப்பாற்றியாகிவிட்டது, இரையை யார் காப்பாற்றுவது?

அந்தப் பொறுப்பு, 1982-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஒப்பந்தத்தினுடையது. பிடிக்கும் உயிரை மட்டுமல்லாமல், அதை நம்பி வாழும் மற்ற உயிர்களையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. அந்த நாளில் அது பெரிய முன்னேற்றம். இந்த ஒப்பந்தத்தின்படி, தென்மேற்கு அட்லாண்டிக் பக்கத்துக் கடலில் ஆண்டுக்கு 6.2 லட்சம் டன் கிரிலுக்கு மேல் பிடிக்கக்கூடாது. 2019 ஆய்வின்படி அங்கே கிரில் சுமார் 6.26 கோடி டன். “ஒரு சதவீதம்தானே எடுக்கிறோம்” என்பது மீன்பிடி நிறுவனங்களின் வாதம்.

இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் பெங்குவின், 300 கிலோமீட்டர் தள்ளிக் கிரில் நிறைய இருக்கிறது என்பதற்காக அங்கே போய்வர முடியாது. கப்பல்களும் பரந்த கடல் முழுக்கத் தேடி அலைவதில்லை; கிரில் அடர்ந்த இடத்துக்கே போகின்றன. அதே இடத்துக்குத்தான் திமிங்கலமும் வருகிறது. எவ்வளவு என்பதைவிட எங்கே, எப்போது என்பதுதான் முக்கியம்.

இதை உணர்ந்துதான், பிடிப்பு ஒரே பகுதியில் குவியாமல் பங்கிட்டுத் தரும் விதியை 2009-ல் கொண்டுவந்தார்கள். 2024-ல் ஹோபார்ட் நகரில் கூடிய உறுப்பு நாடுகளிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை, விதி காலாவதியானது. விளைவு அடுத்த பருவத்திலேயே தெரிந்தது. நவம்பர் இறுதிவரை நீடிக்க வேண்டிய மீன்பிடிப்பு 2025 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே 6.2 லட்சம் டன்னைத் தொட்டு மூடப்பட்டது. இப்படி நடந்தது வரலாற்றிலேயே முதல்முறை. வலைகளில் திமிங்கலங்களே சிக்கிச் சாவதும் உண்டு. 2021-லும் 2022-லும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் இறந்தன.

இவ்வளவும் எதற்காக? பண்ணை சால்மன் மீனுக்குத் தீவனம், வளர்ப்பு நாய்க்கு உணவு, ஒமேகா-3 மாத்திரை. அந்தச் சத்து நம் கரையில் கிடைக்கும் மத்தி மீனிலேயே தாராளமாக இருக்கிறது; பாசியிலிருந்து நேரடியாகவும் எடுக்கிறார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் 1980-கள் முதல் உறுப்பினர். ஒருமித்த கருத்து இல்லாமல் அங்கே எதுவும் நிறைவேறாது என்பதால் நம் குரலுக்கும் எடை உண்டு. கிழக்கு அண்டார்க்டிகாவையும் வெட்டெல் கடலையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கும் முன்மொழிவுகளை 2021-ல் இந்தியா ஆதரித்தது. ஆனால், கிரில் கப்பல்கள் குவிவது அண்டார்க்டிகத் தீபகற்பத்தில். அதைக் காக்க அர்ஜென்டினாவும் சிலியும் வைத்த முன்மொழிவுக்கும் இந்தியா அதே உறுதியோடு துணை நிற்க வேண்டும். கைவிடப்பட்ட பங்கீட்டு விதியை மீண்டும் கொண்டுவர ஹோபார்ட்டில் வாதாட வேண்டும்.