சுருட்டையின் நஞ்சும் மாரடைப்பு மருந்தும்

எப்போதும்வென்றான் சுற்றுவட்டாரக் கரிசல் காடுகளிலே பருத்தி எடுப்போரும் உளுந்து பறிப்போரும் அஞ்சி நடக்கும் உயிர்களுள் சுருட்டை விரியனும் ஒன்று. உருவிலே சிறியது, ஆனால் தீண்டினாலோ இரத்தம் உறையும் தன்மையை இழந்து, பல் ஈறுகளிலும் குருதி கசியும். இந்நஞ்சைக் கூறு கூறாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் ஆராய்வோர் உளர் எனக் கேட்டால், "படித்தவர்களுக்கு வேறு வேலையில்லையா?" என்று நம்மவர் நகைப்பர். வரிப்பணம் செலவாகும்போது அவ்வாறு கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு.

ஆயினும் நடந்ததைப் பாருங்கள். அந்நஞ்சிலே எக்கிஸ்டாடின் என்னும் சிறு புரதம் காணப்பட்டது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அது தடுக்கிறது. மாரடைப்பிலே இதயக் குழாயை அடைப்பது அவ்வாறு ஒட்டித் திரண்ட கட்டியன்றோ! அப்புரதத்தின் செயலை மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட டைரோஃபைபான் என்னும் மருந்துக்கு 1998ஆம் ஆண்டு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. (நோயாளியின் உடலில் ஏற்றுவது நஞ்சன்று, ஆய்வுக்கூடத்தில் செய்த பொருளே. அஞ்ச வேண்டா.) அதற்கு முன்னரே, பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சைத் துருவிய ஆராய்ச்சியின் வழியாக, காப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரை 1981இல் வெளிவந்தது.

நம் நாட்டிலோ, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், சுருட்டை உள்ளிட்ட நால்வகைப் பாம்புகளின் நஞ்சை எடுத்து வழங்கி வந்துள்ளனர். நஞ்சுமுறி ஊசிமருந்துக்கு அதுவே மூலப்பொருள். ஆகவே பாம்பு தீண்டியவரைக் கீறாமலும் இறுக்கிக் கட்டாமலும், மந்திரிப்பவரிடம் ஓடிப் பொழுதைப் போக்காமலும், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.