மலக்குடல் நோய்களும் அறுவை மருத்துவமும்

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில் அமைந்துள்ள முலுண்டில் தமிழர் பலர் வாழ்கின்றனர். அங்கு மின்சார ரயிலில் ஏறுவோர் வண்டி மாறாமலே பரேலில் இறங்கலாம். 1941-இல் தொடங்கப்பட்டு, 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனை பரேலில்தான் உள்ளது. மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையும் அருகிலேயே இருக்கிறது. எனினும், மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளானோர் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். இதற்குத் தொலைவு மட்டும் காரணமன்று. கூச்சமும், 'இது வெறும் மூலந்தான்' என்னும் எண்ணமும் காரணங்களாகும்.

மலத்துடன் இரத்தம் போவதற்குப் பெரும்பாலும் மூலமோ, ஆசனவாய் வெடிப்போ காரணமாக இருப்பது உண்மையே. தொடக்க நிலை மூலத்திற்கு நார்ச்சத்து மிகுந்த உணவும், போதிய நீரும், மருந்தும் பெரும்பாலும் போதுமானவை. முற்றிய நிலையில் ரப்பர் வளையமிடுதலோ அறுவையோ தேவைப்படும். பவுத்திரத்திற்கான அறுவை முறை சுசுருத சங்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது. காரநூல் சிகிச்சையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறுவை மருத்துவத்துடன் ஒப்பிட்டு ஆராய்ந்தது. காரநூலினால் குணமாகக் கூடுதல் நாட்கள் ஆயினும், நோய் மீண்டும் தோன்றுவது குறைவு என 1991-இல் வெளியான முடிவு தெரிவித்தது.

ஆனால், இதே இரத்தப்போக்கு புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 2022-இல் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்நோயின் விகிதம் மேலைநாடுகளைவிடக் குறைவு. எனினும், நம் நோயாளிகளில் இளவயதினர் கணிசமாக உள்ளனர். குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளை புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதனைக் கண்டு அகற்றிவிட்டால் புற்றுநோயையே தவிர்த்துவிடலாம்.

மலக்குடலையும் ஆசனவாயையும் ஒருங்கே நீக்கி, மலம் வெளியேற வயிற்றில் நிரந்தர வழி அமைக்கும் அறுவையை இலண்டனைச் சேர்ந்த மைல்ஸ் 1908-இல் விவரித்தார். மலக்குடலைச் சூழ்ந்துள்ள கொழுப்புத் திசுவை உறை கிழியாமல் முழுமையாக அகற்றும் முறையை ஹீல்ட் 1982-இல் எடுத்துரைத்தார். இதனால் நோய் அதே இடத்தில் மீள்வது வெகுவாகக் குறைந்தது. தேவையானவர்களுக்குக் கதிர்வீச்சும் மருந்துகளும் துணைநிற்கின்றன. புற்று ஆசனவாயின் இறுக்குதசையைப் பற்றாதிருந்தால், பலருக்கு இயற்கை வழியைக் காப்பாற்ற முடிகிறது. இங்குதான் காலதாமதத்தின் விலை தெரிகிறது.

நாட்டின் புற்றுநோய் முன்னறிதல் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே முதன்மையாகக் கருதுகிறது. ஆகவே, மலக்குடல் புற்றைப் பொறுத்தவரை நோயாளி சொல்வதும், முதலில் பார்க்கும் மருத்துவர் செய்வதுமே முக்கியமானவை. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகள் பலவற்றை விரலாலேயே தொட்டறியலாம். இதற்கு ஒரு கையுறையும் சில நிமிடங்களும் போதும். இரத்தப்போக்கு, மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாறுதல், காரணமற்ற இரத்தசோகை, எடைக்குறைவு ஆகியவற்றுடன் வருவோருக்கு, இச்சோதனை செய்யாமல் மூல மருந்து மட்டும் தந்தனுப்புதல் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது நடைமுறையானால், அறுவை மருத்துவத்தின் வளர்ச்சி ஏழை எளியோருக்கும் உரிய காலத்தில் பயன்படும்.