பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஷட்டரைப் பாதிதான் தூக்கினார்கள். குனிந்து நுழைந்து நிமிர்ந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். என் இடுப்பு உயரத்தில், தச்சர்கள் வைத்துக்கொள்ளும் மரக் குதிரைகள் மேல், ஒரு கார்! கதவு இல்லை, கூரை இல்லை, சீட் இல்லை. சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து பின்னிய கூடு, முன்னால் எஞ்சின், பின்னால் டிஃபரென்ஷியல், பக்கவாட்டில் பளபளக்கும் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். திருவிழாவுக்கு முந்தின இரவு தேர் ஜோடிக்கிற இடத்துக்குள் நழுவிப் போய்விட்ட சின்னப் பையனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது!

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகரம், எங்கள் தெருக்கோடி வீட்டு கராஜ். கட்டுகிறவர்கள் இரண்டே பேர்: ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர், பஸ் ஓட்டுகிற அவர் மகள். பெயர் போட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். "மத்தபடி எதை வேணும்னாலும் திறந்து பாருங்க" என்றார் அப்பா. நான் திறந்தது அலமாரியில் இருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே கொஞ்சம் நோட்டு, கொஞ்சம் சில்லறை, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம், ஒட்டி மூடிய ஓர் உறை. நான் வாய் பிளந்து பார்த்த கார் முழுக்க முழுக்க அந்த டப்பாவுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது.

கிட் கார் என்றால் காரை உதிரி உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வது. இந்த மோகம் பிரிட்டனில் வேர்பிடித்த கதையே தனி. 1948இல் காலின் சாப்மன் என்ற இளைஞர், லண்டன் மஸ்வெல் ஹில்லில் தன் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில், ஒரு பழைய ஆஸ்டின் செவனை வைத்துத் தன் முதல் காரைக் கட்டினார். (லண்டன் தமிழர்களுக்குப் பழக்கமான ஹைகேட் முருகன் கோயில் அங்கிருந்து பக்கம்தான். அடுத்த முறை சாமி கும்பிட்டுவிட்டு அந்தத் தெருக்களில் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.) அந்த கராஜிலிருந்து முளைத்ததுதான் லோட்டஸ் கார் நிறுவனம். 1957இல் அவர்கள் கொண்டுவந்த 'செவன்' என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரை முழுசாக வாங்கினால் அரசுக்கு வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்று விதி. கழற்றும் முறையை எழுதித் தரலாமே! காரைப் பிரிப்பது எப்படி என்று அச்சடித்துக் கொடுத்தார்களாம். வாங்கியவர்கள் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துப் பூட்டினார்களாம். இதைச் சொல்லும்போது பிளம்பர் ஐயா முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டில் செவனைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது; இன்றைக்கும் கட்டுகிறார்கள். ஆனால் மாதச் சம்பளக்காரர்களுக்குத் தைரியம் கொடுத்தது 1996இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம். 250 பவுண்டு இருந்தால் உன் ஸ்போர்ட்ஸ் காரை நீயே கட்டலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஒரு பழைய ஃபோர்ட் எஸ்கார்ட்டை உரித்து எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொள், சேசிஸை நீயே வெல்டிங் செய் என்பதுதான் வழி. செவன் மாதிரியே இருக்கும் அந்த மலிவு விலை கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயரே வந்துவிட்டது. அந்த 250 பவுண்டு இன்றைக்கு டயருக்கே பத்தாது. ஆனால் மகளின் அலமாரியில் கிரீஸ் கறை படிந்த பிரதி ஒன்று இருக்கிறது. தொடக்கூட எனக்குக் கொஞ்சம் பயபக்தியாக இருந்தது.

சரி, நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். முதல் பக்கத்தில் ஒரே ஓர் எண்: 6,500 பவுண்டு. அதன்கீழ் இருவர் கையெழுத்து. அடுத்த பக்கத்தில் விதிகள் என்று மூன்றே வரி. 20 பவுண்டுக்கு மேல் எந்தச் செலவானாலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். டப்பாவில் பணம் இருந்தால்தான் வாங்கலாம். அட்டையைத் தேய்க்கக் கூடாது.

"அப்ப உறையில என்ன?" என்று கேட்டேன். மகள் அதை எடுத்து என் கையில் வைத்தாள். "இது தேர்வுக் கட்டணம். டப்பாவுக்குள்ள முதல்ல போனது இதுதான்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர வேண்டுமானால் ஐ.வி.ஏ. என்ற தனிச் சோதனையில் தேற வேண்டும். அதற்கு ஒரு கட்டணம், பிறகு பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ். கட்டுகிற சந்தோஷத்தில் இதையெல்லாம் மறந்துவிட்டு, கார் முழுசாக நிற்கும்போது கையில் காசில்லாமல் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பவர்கள் உண்டு. இவர்கள் கடைசிச் செலவை முதல் நாளே பிரித்து ஒட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பதுதான் காருக்கு!

சேசிஸும் பாடித் தகடுகளும் 1,800 பவுண்டு. புதிதாக வாங்கினால் எங்கேயோ போயிருக்கும். இது இன்னொருவர் ஆசையாக வாங்கி, குழந்தை பிறந்து, வீடு மாறி, பாதியில் நிறுத்திவிட்ட வேலை. இந்த நாட்டில் இப்படிப் பாதியில் நிற்கும் கிட் கார்கள் எப்போதும் விலைக்கு வந்துகொண்டே இருக்கும். பார்க்கப் போகும்போது இரண்டு பேர் இரண்டு காரியம் செய்தார்களாம்: அப்பா வெல்டிங்கை டார்ச் அடித்துப் பார்த்தார், மகள் அட்டைப் பெட்டிகளை எண்ணி, பட்டியலில் இருப்பதெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒரு பெட்டி குறைந்தால் சேமித்த காசு அந்த ஒரு பெட்டியிலேயே போய்விடும்.

அடுத்தது உறுப்பு தானம் செய்யும் கார். இதைச் சொல்லும்போது நான் குதிக்காத குறை! பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989இல் அறிமுகமான அந்தக் காரே பழைய லோட்டஸ் எலானை மனதில் வைத்து உருவானதுதான். சுற்றிச் சுற்றி மறுபடி சாப்மனிடமே வந்து நிற்கிறோம். இந்த மாடலுக்குக் கதவுக்குக் கீழே உள்ள பகுதி துருப்பிடித்து உதிரும். ஆண்டுச் சோதனையில் தேறாது. ஆனால் எஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்கும். அப்படி ஒன்று 750 பவுண்டுக்குக் கிடைத்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், ஸ்டீயரிங் தண்டு, பிரேக், 14 அங்குல அலாய் சக்கரம் எல்லாம் இங்கே மாறின. மிச்சத்தை? விற்றார்கள்! கதவு, பானெட், விளக்கு, ரேடியோ, கண்ணாடி, மேலே போடுகிற கெட்டிக் கூரை. அந்தக் கூரைக்கு அவ்வளவு கிராக்கியாம். வாங்க வந்தவர் இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்தார். கடைசியாகத் துருப்பிடித்த கூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மகள் கூட்டிப் பார்த்தாள்: 820 பவுண்டு. டப்பாவுக்குள் 70 பவுண்டு லாபம், எஞ்சின் இனாம்!

இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்று ஒளிந்திருக்கிறது. முக்கியமான பாகங்கள் ஒரே காரிலிருந்து வந்தால், அந்தக் காரின் வயதையொட்டிய பதிவு எண் கிடைக்க வழியுண்டு. புகைச் சோதனையும் எஞ்சினின் வயதைப் பொறுத்ததுதான். அதனால் மாஸ்டாவின் பதிவுச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், தாத்தா படம் மாதிரி.

டப்பா காலியாகிற மாதங்கள் உண்டு. அப்போது என்ன செய்வீர்கள் என்றேன். மகள் என்னை வீட்டுக்குள் அழைத்துப்போனாள். சாப்பாட்டு மேஜை முழுக்க வயர்! மாஸ்டாவின் மொத்த வயரிங்கும் ஒரு பெரிய ஆலமர விழுது மாதிரி விரிந்து கிடக்கிறது. பழைய டேப்பைப் பிரித்து, பவர் விண்டோவுக்குப் போகிற வயர், ரேடியோவுக்குப் போகிற வயர் என்று இந்தக் காருக்கு வேண்டாத ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து தேடிப் பிடித்து உருவ வேண்டும். வேண்டியதற்கெல்லாம் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதிக் கொடி கட்டியிருக்கிறாள். நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து டேப் பிரித்தேன். விரலெல்லாம் முப்பது வருடத்துப் பிசின். சோப்புக்குப் போகவில்லை, சமையல் எண்ணெய்க்குத்தான் போயிற்று. புதிய வயரிங் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் இது காசில்லாத மாதத்துக்கென்றே எடுத்துவைத்த வேலை. துரு தேய்ப்பது, பழைய பிரேக் காலிப்பரைக் கழுவுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் இந்த வகை. எதை அடுத்துச் செய்வது என்று டப்பா சொல்கிறது, ஆசை சொல்வதில்லை. பட்ஜெட் உடையாமல் இருப்பதற்கு நான் அங்கே கண்ட காரணம் இந்த வரிசைதான். அவசரப்படுகிறவர் கையில் அகப்பட்டதை வாங்கி, பிறகு சரியானதையும் வாங்குகிறார்.

இவர்களும் ஒரு முறை அவசரப்பட்டார்கள். செகண்ட்ஹேண்டில் ஒரு ஜோடி சீட், அழகான சிவப்பு, நல்ல விலை. கொண்டுவந்து வைத்தால் இரண்டு விரல் அகலம் அதிகம். சேசிஸ் குழாய்க்குள் இறங்கவே இல்லை. திருப்பி விற்றதில் 40 பவுண்டு போயிற்று. நோட்டில் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் கட்டம் கட்டி, பக்கத்தில் ஓர் அளவு டேப்பை வரைந்திருக்கிறாள்.

இப்போது அந்த நோட்டின் மிகத் தடித்த பகுதி: சில்லறைச் செலவு. நட்டு, போல்ட்டு, வாஷர், ரிவெட், ட்ரில் பிட், பைப்பைப் பிடிக்கும் கிளிப், சீலன்ட், ஓஸ், கிளாம்ப், பெயின்ட், ஆயில், கூலன்ட். எதுவும் பெரிய தொகை இல்லை. 3 பவுண்டு, 8 பவுண்டு, 11 பவுண்டு. பக்கம் பக்கமாக ஓடுகிறது. மொத்தம் 1,140. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதை நோட்டுப் போட்டுக் காட்டிவிட்டார்கள்! தானம் செய்த முழு மாஸ்டாவைவிட நட்டு போல்ட்டுக்கு அதிகம் போயிருக்கிறது. நல்லவேளையாக முதல் நாளே இதற்கென்று 1,200 ஒதுக்கியிருந்தார்கள். கிட் கார் கட்ட நினைக்கிறவர்கள் எஞ்சின் விலையை விசாரிக்கும் முன் இந்தப் பக்கத்தைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

சிக்கனம் நுழையவே கூடாத இடமும் உண்டு. டயர், பிரேக் ஓஸ், பெட்ரோல் பைப் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு புதுசு. அதிலும் பிரேக் பைப் இருக்கிறதே, அடடா! செம்பு–நிக்கல் கலந்த மெல்லிய குழாயைச் சுருளாக வாங்கி, நாற்பது வருடம் வீடு வீடாகக் குழாய் வளைத்த அந்தக் கைகள் வளைத்திருக்கின்றன. சேசிஸ் மூலையில் அது திரும்புகிற திருப்பத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட நசுங்கவில்லை. நுனியை விரிக்கிற கருவியை மட்டும் உள்ளூர் கிட் கார் சங்க நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினாராம். வாடகை? ஒரு கப் டீ.

நான் சத்தம் போட்டுச் சிரித்த இடம் ஒன்று. மகள் ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து வந்தாள், 100 மில்லிமீட்டர் விட்டம். அதில் நீலச் சாக்பொடியைப் பூசிக் காரின் மேல் உருட்டத் தொடங்கினாள்! ஐ.வி.ஏ. சோதனையில் இப்படி ஒரு கோளத்தைக் காரின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது தொடும் இடத்தில் கூர்மையான விளிம்பு இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவாவது வேண்டும். நடந்துபோகிறவர் மேல் இடித்தால் கிழிக்கக் கூடாதல்லவா? நீலம் ஒட்டிய இடமெல்லாம் விளிம்பை மழுக்க வேண்டும், அல்லது மூடி போட வேண்டும். ஒரு நட்டில் நீலம், ஒரு பிராக்கெட்டில் நீலம், விளக்குத் தண்டில் நீலம். ஹோலி கொண்டாடிய கார் மாதிரி ஆகிவிட்டது. 6 பவுண்டுக்கு ஒரு பை பிளாஸ்டிக் நட்டு மூடி; கையெழுத்து தேவையில்லை. ஒருமுறை தேறாவிட்டால் மறுசோதனைக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதால், இந்தப் பந்துக்கு அவர்கள் மூன்று சாயங்காலங்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

டப்பாவில் இன்றைய நிலவரம் 390 பவுண்டு, கூடவே அந்த உறை. வாங்க வேண்டியது ஒரு ஜோடி சீட், முன்கண்ணாடி வைப்பர், பின்பக்க மட்கார்டு. பத்தும் என்கிறாள் மகள். பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா.

கிளம்பலாம் என்று எழுந்தேன். "கொஞ்சம் இருங்க" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரம் இருந்த சின்ன கேனை எடுத்து டாங்கில் ஊற்றினார். மகள் ஷட்டரை முழுசாக மேலே தள்ளினாள். தெருவின் குளிர் காற்று உள்ளே வந்தது. மேஜையிலிருந்து வந்த வயரிங்கின் ஒரு பகுதி மட்டும் தற்காலிகமாகப் பூட்டப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பினாள். கிர்ர்ர் என்று சுற்றியது, நின்றது. இன்னொரு முறை. எங்கோ ஒரு இருமல். மூன்றாவது முறை, சைலன்சர் இல்லாத அந்த எஞ்சின் உறுமியது பாருங்கள், கராஜ் கூரையே அதிர்ந்தது! எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நான் கை தட்டிக்கொண்டிருந்தேன் என்பதே பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தார். தேதி போட்டு நிதானமாக எழுதினார்: பெட்ரோல், 5 லிட்டர், 7 பவுண்டு.