பல்கலைக்கழக விடுதி ஒப்பந்தம் (ஐக்கிய அமெரிக்கா)

பல்கலைக்கழக விடுதி ஒப்பந்தம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழக விடுதியில் தங்குவதற்காக மாணவரும் பல்கலைக்கழகமும் செய்து கொள்ளும் உடன்படிக்கை ஆகும். இது பெரும்பாலும் ஆகஸ்டு முதல் மே வரையான கல்வியாண்டு முழுமைக்கும் செய்யப்படுகிறது. டிசம்பரில் முதற் பருவம் முடிந்ததும் அறையைக் காலி செய்ய விரும்பும் மாணவர், இரண்டாம் பருவத்துக்கும் பணம் செலுத்த வேண்டுமா என்பதே இது தொடர்பாக அடிக்கடி எழும் பிணக்கு ஆகும்.

ஒப்பந்தத்தின் தன்மை

கட்டணம் பருவந்தோறும் பெறப்படுவதால் ஒப்பந்தமும் ஒரு பருவத்துக்கே உரியது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. தவணைகள் இரண்டு; கடப்பாடு ஒன்றே. ஒப்பந்தம் பொதுவாகப் பல மாதங்களுக்கு முன்பே, அறைத்தோழர் யார் என்பது கூடத் தெரியாத நிலையில், கையொப்பமிடப்படுகிறது. இணையப் படிவத்தில் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்பதும் கையொப்பமாகவே கொள்ளப்படும். 18 வயது நிறையாதவர் எனில் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்பமும் கேட்கப்படுகிறது.

பல பல்கலைக்கழகங்கள் இதனைக் குத்தகை என்று அழைப்பதில்லை. உரிமம் என்றே அழைக்கின்றன. இது வெறும் சொல் வேறுபாடு அன்று. குத்தகைக்காரருக்குக் குறிப்பிட்ட வீட்டின் மீது உடைமை உண்டு. உரிமம் பெற்றவருக்குத் தங்குவதற்கான அனுமதி மட்டுமே உண்டு. எனவே பல்கலைக்கழகம் அவரை வேறு அறைக்கு மாற்றவும் முடியும். வாடகைக் குடியிருப்பு தொடர்பாக மாநிலங்களுக்கு முன்மாதிரியாக 1972 இல் வரையப்பட்ட சட்டம், கல்விப் பணியின் பகுதியாக அமைந்த நிறுவன உறைவிடங்களுக்குப் பொருந்தாது என விலக்களித்தது. அதைத் தழுவிய மாநிலங்களில், வாடகைக்கு இருப்போர் பெறும் பாதுகாப்புகள் பல விடுதி மாணவருக்குக் கிடைப்பதில்லை.

காரணங்கள்

விடுதிகள் பெரும்பாலும் கடன்பத்திரங்கள் மூலம் திரட்டிய பணத்தில் கட்டப்படுகின்றன. 1950 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் கல்லூரி விடுதிகளுக்கு நீண்டகாலக் கூட்டரசுக் கடன் பெறவும் வழி செய்தது. இக்கடன்கள் அறை வாடகையிலிருந்தே திருப்பிச் செலுத்தப்படுகின்றன. புதிய மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆகஸ்டிலேயே வந்து விடுவதால், சனவரியில் காலியாகும் கட்டிலை நிரப்ப ஆள் கிடைப்பது அரிது.

தெற்கு டகோட்டா பல்கலைக்கழகம் முதலிரு ஆண்டு மாணவர்கள் விடுதியில்தான் தங்க வேண்டும் என விதித்திருந்தது. இதை எதிர்த்த வழக்கில், விதியின் முதன்மை நோக்கம் கடன்பத்திரங்களுக்கான வருவாயே என்று கண்ட கீழ் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1974 இல் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றி, விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

ஆண்டிடை விலகல்

பட்டம் பெறுதல், பல்கலைக்கழகத்தை விட்டு நீங்குதல், வெளிநாட்டில் ஒரு பருவம் பயிலச் செல்லுதல், படைப்பணிக்கு அழைக்கப்படுதல் ஆகியன பொதுவாக ஏற்கப்படும் காரணங்கள். சிலவிடங்களில் திருமணமும் ஏற்கப்படும். உடல்நலம், பொருளாதார நெருக்கடி ஆகியவற்றுக்குச் சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. வெளியில் மலிவான அறை கிடைத்தது, அறைத்தோழருடன் ஒத்துப்போகவில்லை என்பன பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

இதில் ஒரு முரண் உள்ளது. படிப்பையே கைவிடுபவர் ஒப்பந்தத்திலிருந்து விடுபடுகிறார். பணமின்மையால் விடுதியை மட்டும் விட்டுவிட்டுப் படிப்பைத் தொடர முயல்பவர் மாட்டிக்கொள்கிறார். படிப்பை விடுவதும் எளிதன்று. ஒரு பருவத்தின் 60 விழுக்காடு முடியுமுன் விலகினால் கூட்டரசுக் கல்வி உதவித்தொகையின் ஒரு பகுதியைத் திருப்ப நேரிடும். எஃப்-1 நுழைவிசைவில் வந்த வெளிநாட்டு மாணவர் படிப்பை விட்டால், அந்நாட்டில் தங்கும் தகுதியையே இழக்கக்கூடும்.

காரணம் ஏற்கப்படாவிட்டால் எஞ்சிய தொகையின் ஒரு பகுதியோ முழுவதுமோ விலகல் கட்டணமாகப் பெறப்படும். எடுத்துக்காட்டாக, ஆண்டு வாடகை 8,000 டாலர், விலகல் கட்டணம் எஞ்சியதில் பாதி என்று கொண்டால், டிசம்பரில் விலகுபவர் தங்காத அறைக்கு 2,000 டாலர் செலுத்துவார். ஒப்பந்தச் சட்டப்படி இத்தகைய தொகை நியாயமான இழப்பீட்டு மதிப்பீடாக இருக்க வேண்டும்; தண்டனையாக இருத்தல் ஆகாது. சில பல்கலைக்கழகங்கள் தமக்குப் பதிலாக வேறொரு மாணவரைச் சேர்த்துவிட அனுமதிக்கின்றன. ஆனால் அவர் ஏற்கனவே விடுதியில் இருப்பவராக இருக்கக்கூடாது. இருந்தால் ஒரு கட்டில் நிரம்ப மற்றொன்று காலியாகும்.

சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறுவது ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டு வராது. எழுத்து மூலமான விடுவிப்பு தேவை. அது இல்லாவிடில் கட்டணம் மாணவரின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். நிலுவை காரணமாக அடுத்த பருவப் பதிவும் தடுக்கப்படலாம்.

2020 ஆம் ஆண்டு நிகழ்வுகள்

2020 மார்ச்சில் கோவிட்-19 பரவலால் பல்கலைக்கழகங்களே மாணவர்களை வெளியேறச் சொன்னபோது நிலைமை தலைகீழானது. பல பல்கலைக்கழகங்கள் எஞ்சிய நாட்களுக்குரிய வாடகை, உணவுக் கட்டணத்தைத் திருப்பித் தந்தன அல்லது கணக்கில் வரவு வைத்தன. தராதவற்றின் மீதும் குறைவாகத் தந்தவற்றின் மீதும் வழக்குகள் தொடரப்பட்டன. அரிசோனாவின் அரசுப் பல்கலைக்கழகங்களை ஆளும் குழுவின் மீது அம்மாதமே வழக்குத் தொடுக்கப்பட்டது. இவ்வழக்குகள் பலவற்றில் ஒப்பந்தத்தின் வாசகங்களே, குறிப்பாக நெருக்கடிக் காலத்தில் விடுதியை மூடும் உரிமை பற்றிய பிரிவுகளே, வாதத்தின் மையமாக அமைந்தன.