பொருள்நோக்கு நிரலாக்கத்தில் செயற்கூறுகளின் அணுகல் எல்லை

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஓர் இனக்குழு, தரவுகளையும் அவற்றின்மீது இயங்கும் செயற்கூறுகளையும் ஒருங்கே கொண்டமைகிறது. அச்செயற்கூறுகளுள் எவற்றை யார் அழைக்கலாம் என வரையறுப்பது அணுகல் கட்டுப்பாடு. சி++, ஜாவா ஆகிய மொழிகளில் இதற்குப் பப்ளிக், புரொடெக்டட், பிரைவேட் என்னும் குறிச்சொற்கள் உள்ளன. இவற்றைப் பொது, காக்கப்பட்டது, தனிப்பட்டது எனப் பெயர்த்தல் எளிது. ஆயின், யாருக்குத் தனிப்பட்டது என்னும் வினாவுக்கு அப்பெயர்ப்பில் விடையில்லை.

வங்கிக் கணக்கைக் குறிக்கும் ஓர் இனக்குழுவைக் கொள்வோம். அதன் 'பணம் எடு' என்னும் செயற்கூறு, இருப்புப் போதுமா எனச் சரிபார்த்த பின்னரே 'இருப்பைக் குறை' என்னும் மற்றொன்றை அழைக்கிறது. பின்னதில் சரிபார்ப்பு இல்லை. அதனை வெளி நிரல் நேரே அழைக்க முடியுமாயின் இருப்பு சுழியத்துக்குக் கீழிறங்கும். ஆகவே அது பிரைவேட் ஆக்கப்படுகிறது. இதனால் மற்றொரு பயனும் உண்டு: வெளியார் அறியாத செயற்கூற்றைப் பிற்காலத்தில் பெயர் மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். இக்கட்டுப்பாடு கள்வரைத் தடுக்கும் பூட்டன்று. நிரலர் தமக்குள் வகுத்துக்கொண்ட வேலி எனலே பொருந்தும்.

இனி, ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்குப் பணம் மாற்ற வேண்டியுள்ளது. முதற்கணக்கின் செயற்கூறு, இரண்டாம் கணக்கின் பிரைவேட் செயற்கூறாகிய 'இருப்பைக் கூட்டு' என்பதை அழைக்கலாமா? சி++, ஜாவா இரண்டும் இசைகின்றன. அங்கு எல்லை இனக்குழுவினுடையது, தனிப்பொருளினுடையது அன்று. ரூபி மொழியோ மறுக்கிறது. அம்மொழியில் பிரைவேட் செயற்கூற்றை ஒரு பொருள் தன்மீது மட்டுமே அழைக்கலாம். வழித்தோன்றிய இனக்குழுவின் பொருளும் அவ்வாறே தன்மீது அழைக்கலாம். சி++ மொழியில் வழித்தோன்றலுக்கு அவ்வுரிமை இல்லை. ஸ்மால்டாக்கில் எல்லாச் செயற்கூறுகளும் எவர்க்கும் திறந்தவை. பிரைவேட் என்பது அங்கு வெறும் வழக்காறு.

புரொடெக்டட் என்னும் சொல் இன்னும் வழுக்கலானது. மார்க் லிண்டனின் வேண்டுகோளால் சி++ மொழியின் 1.2 பதிப்பில் அது இடம்பெற்றதையும், ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின் பிழைகளுக்கு ஊற்றானமையால் அவரே தம் இன்டர்வியூஸ் மென்பொருளில் புரொடெக்டட் தரவுறுப்புகளைத் தடைசெய்ததையும் பியானே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1994-இல் வெளிவந்த தம் நூலில் பதிவுசெய்துள்ளார். தடை தரவுகளுக்கே, செயற்கூறுகளுக்கு அன்று என்பது கருதத்தக்கது. ஜாவாவிலோ, குறிச்சொல் எதுவும் இடாத செயற்கூறு அதே தொகுப்பினுள் மட்டும் செல்லும். புரொடெக்டட் என்றால் தொகுப்போடு, பிற தொகுப்புகளிலுள்ள வழித்தோன்றல்களுக்கும் எட்டும். காக்கப்பட்டது எனப்படுவது காக்கப்படாததினும் விரிவாகத் திறந்திருக்கிறது!

எனவே பிரைவேட் என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல் போதாது. சி++, ஜாவா மொழிகளுக்கு 'இனத்துக்குரியது' எனலாம். ரூபிக்குத் 'தனக்குரியது' என்பதே தகும். அம்மொழியில் பொருள் தன்னைச் சுட்டும் செல்ஃப் என்னும் சொல்லுக்குத் தமிழின் 'தான்' நேராக அமைகிறது. புரொடெக்டட் என்பதைச் சி++ மொழிக்கு 'வழியினர்க்கும் உரியது' எனக் கூறலாம். ஜாவாவுக்கு அதனுடன் 'தொகுப்பினர்க்கும்' என்பதைச் சேர்த்தாக வேண்டும்.