பரிசுத் துண்டும் பண்டமாற்றும்: வீட்டுத் தொழிலுக்கு இரண்டு வழிகள்



தீபாவளி நெருங்கினால் நம் லயங்களில் தையல் மெஷின் சத்தம் ஓயாது. பண்டிகை முடிந்ததும் மெஷினைத் துணி போட்டு மூடி விடுகிறோம். ஏன் என்று கேட்டால், "சம்பளம் போட்டாத்தானே சேர் ஆளுங்க வருவாங்க" என்று பதில் வருகிறது. கோழி வளர்ப்பவருக்கும், பலகாரம் சுடுபவருக்கும், முடி வெட்டுபவருக்கும் இதே கதைதான். காசு புழங்கும் சில நாட்கள் யாவாரம், மற்ற நாட்கள் சும்மா. இந்தச் சும்மா நாட்களிலும் வேலை வர இரண்டு வழிகள் உண்டு.

பரிசுத் துண்டு

டவுன் கடைகளில் 'கிஃப்ட் வவுச்சர்' என்று விற்கிறார்களே, அதுதான் இது. சீட்டு என்றால் நமக்கு மாசச் சீட்டுதான் ஞாபகம் வரும், அதனால் துண்டு என்றே சொல்வோம்.

ஒரு சடங்கு வீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகிறோம். ஏற்கெனவே நாலு பிளாஸ்டிக் வாளி வந்திருக்கும் வீட்டுக்கு ஐந்தாவது வாளியை நாமும் கொண்டு போகிறோம். அதற்குப் பதிலாக, தையல்கார அக்காவிடம் 1,000 ரூபா கொடுத்து ஒரு துண்டு வாங்கிக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளை துண்டோடு போய் தனக்குப் பிடித்த மாதிரி தைத்துக்கொள்ளும். அக்காவுக்கு வேலைக்கு முன்னமே காசு கிடைக்கிறது. அதுவரை அவரிடம் வராத ஒரு குடும்பமும் அறிமுகமாகிறது. தையல் பிடித்துவிட்டால் அடுத்த முறை துண்டு இல்லாமலே வருவார்கள்.

துண்டில் இலக்கம், திகதி, பெறுமதி, என்ன வேலைக்கு, எந்தத் திகதிக்குள் வர வேண்டும், உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அதையே ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். துண்டு திரும்பி வந்த அன்றைக்கே கொப்பியில் அந்த இலக்கத்தை வெட்டி விடுங்கள்.

ஒரு அனுபவம்

நான் வேலை செய்த ஒரு டிவிஷனில் ஒரு தங்கச்சிக்கு இந்த யோசனையைச் சொன்னேன். அவர் தீபாவளிக்கு முந்தி 1,000 ரூபாத் துண்டுகள் 12 விற்றார். கையில் 12,000 ரூபா. பிள்ளைக்குச் சப்பாத்து, மாமியாருக்கு மருந்து, கடைக் கடன் என்று அத்தனையும் கரைந்து போனது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது பன்னிரண்டு பேரும் துண்டோடு வந்து நின்றார்கள். நூல், பட்டன், லைனிங் துணி வாங்கக்கூட அவரிடம் காசில்லை. வட்டிக்கு வாங்கினார். அப்படியும் பண்டிகைக்கு ஏழு பேருக்குத்தான் தைக்க முடிந்தது. மற்ற ஐந்து பேருக்கும் பொங்கலுக்குள் தைத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் இரண்டு வீட்டார் அதற்குப் பிறகு அவரிடம் வரவேயில்லை.

தப்பு அவருடையது மட்டுமல்ல. துண்டை விற்கச் சொன்ன நான், காசை எடுத்து வைக்கச் சொல்லவில்லை.

துண்டு விற்ற காசு வருமானம் அல்ல, கடன். வேலையை முடித்துக் கொடுத்த பிறகுதான் அது உங்கள் காசு. ஆகவே நூல், துணிச் செலவுக்கானதை முதலிலேயே தனியாக ஒரு டின்னில் போட்டு வையுங்கள். ஒரு மாசத்தில் எத்தனை உடுப்புத் தைக்க முடியுமோ, அதற்கு மேல் துண்டு விற்காதீர்கள்.

துண்டு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் காலத்தில் கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டம் மாறிப் போக, துரை ஒரு துண்டு கொடுப்பார். இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று அதில் எழுதியிருக்கும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. அந்தத் துண்டில் இருந்த கடன் மற்றவர்கள் எழுதியது. இந்தத் துண்டில் எவ்வளவு கடன்படுவது என்று நாமே தீர்மானிக்கிறோம். அதனால் அளவோடு எழுத வேண்டும்.

பண்டமாற்று

கையில் காசில்லாதவரும் வாடிக்கையாளர்தான். அவரிடம் முட்டை இருக்கும், போஞ்சி இருக்கும், கைத்தொழில் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1952இல் இலங்கை சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தது. 2021 டிசம்பரில், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க் கடனைத் தேயிலை அனுப்பித் தீர்க்க இணக்கம் ஏற்பட்டது. நாம் பறிக்கும் கொழுந்தை வைத்து நாடே பண்டமாற்று செய்யும்போது, நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஆனால் கணக்கு வேண்டும். சட்டைக்குத் தையல் கூலி 800 ரூபா, முட்டை ஒன்று 40 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சட்டைக்கு 20 முட்டை. அத்தனையையும் ஒரேயடியாக வாங்கி என்ன செய்வது? கிழமைக்கு 5 முட்டையாக நாலு கிழமைக்கு வாங்கலாம். விலையை முதலில் ரூபாவில் பேசி, இரண்டு பேர் கொப்பியிலும் எழுதுங்கள். "பிறகு பார்த்துக்கலாம்" என்ற பேச்சில்தான் சொந்தங்களும் முறிந்து போகின்றன.

எப்படியும் காசு கொடுத்து வாங்கப்போகிற பொருளை மட்டும் மாற்றாக வாங்குங்கள். நூலும் பட்டனும் காசுக்குத்தான் கிடைக்கும். ஆகவே நாலு வேலை வந்தால் ஒன்றை மட்டும் மாற்றுக்கு விடுங்கள்.

விளம்பரத்துக்கும் பண்டமாற்று உதவும். எழுத்து வேலை தெரிந்த தம்பிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால், அவர் உங்களுக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதித் தருவார். அந்தப் பலகை பிள்ளை மடுவத்துக்குப் போகும் வழியில் இருந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

இந்த மாசமே ஐந்து துண்டுகளோடு ஆரம்பித்துப் பாருங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.