தடிமனும் அதன் துணைவரும்: காங்கேசன்துறையை முன்வைத்து ஒரு குறிப்பு

பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்ட தாய், தடிமன் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்பாள். இக்கூற்றிற் பாதி உண்மை. வைரசு தானே நுரையீரலை எட்டுவதுண்டு; ஆயின் பல வேளைகளில் இறங்குவது, ஏலவே மூக்கிற் குடியிருந்த பற்றீரியாவே. நியுமோகொக்கசு முதலியன நலமான பிள்ளைகள் பலரின் மூக்கிலும் தீங்கின்றி வாழ்பவை.

இவ்வுறவு அறிவியலையே ஒருகால் மயக்கிற்று. 1892இல் பைபர் என்ற யேர்மன் அறிஞர், இன்புளுவென்சா நோயாளரிடம் கண்ட பற்றீரியாவே அந்நோய்க்குக் காரணம் என்றார். மனித இன்புளுவென்சா வைரசு பிரித்தறியப்பட்டது 1933இலேயே. எனினும் பைபர் கண்டது வெறும் பிரமையன்று. 1918இன் கொள்ளைநோயில் மாண்டோருட் பெரும்பாலோரைக் கொன்றது வைரசைத் தொடர்ந்த பற்றீரிய நியுமோனியாவே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

வைரசு செய்வது யாது? சளியை வெளியே தள்ளும் பிசிர்க் கலங்களை அது சிதைக்கிறது. இன்புளுவென்சா வைரசின் நொதியம் கலப்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தை அறுக்கிறது. பற்றீரியா ஒட்டுவதற்கு இடமும் உண்பதற்கு உணவும் ஒருங்கே கிடைக்கின்றன. மேலும், வைரசை எதிர்க்க உடல் சுரக்கும் பொருள்களுட் சில, பற்றீரியாவை விழுங்கும் கலங்களை மந்தமாக்குகின்றன. முரண்பாடு என்ற சொல் உடலியலுக்கும் பொருந்தும் போலும்! காய்ச்சல் தணிந்து சில நாளில் மீண்டும் ஏறுமாயின் வைத்தியரிடம் விரைதல் வேண்டும்.

ஆயினும் தடிமன் பிடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு நேர்வதில்லை. நெருக்கடியான குடியிருப்பில் வைரசும் பற்றீரியாவும் எளிதிற் பரவுகின்றன. விறகுப் புகை பிசிர்களை மேலும் நலிவிக்கிறது. போசாக்கின்மை எதிர்ப்பைக் குறைக்கிறது. இவை வர்க்கத்தோடு பிணைந்தவை. காங்கேசன்துறையில் 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தால் நின்றது. அவ்வாண்டு இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுட் சொந்தக் காணியோ வசதியுள்ள உறவினரோ இல்லாதவரே நலன்புரி முகாம்களில் நெடுங்காலம் தங்க நேர்ந்தது. சில குடும்பங்களுக்கு அது 25 ஆண்டுகளையும் கடந்தது. சமையலும் உறக்கமும் ஒரே கொட்டிலில் நிகழும்போது, ஒரு பிள்ளையின் தும்மல் அனைவருக்கும் உரியதாகிறது.

நுண்ணுயிர்கொல்லி வைரசைக் கொல்லாது. தடிமனுக்கெல்லாம் அதைக் கொடுப்பின், தீங்கற்ற பற்றீரியா அழிந்து மருந்துக்கு அடங்காதவை எஞ்சும். தடுப்பூசியின் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பைபர் கண்ட பற்றீரியாவின் ‘பி’ வகைக்கு எதிரான ஊசி 2008 முதல் இலங்கையில் இலவசமாக வழங்கப்படுகிறது. கொட்டிலுக்குள் நிறையும் விறகுப் புகைக்கு அத்தகைய ஊசி எதுவுமில்லை.